மூலையில குந்துன கிழவன் சொல்றேன்

பேத்தி, நீயும் ஒன் சிநேகிதிமாரும் சேர்ந்து ஹட்டன் பக்கம் ஒரு புதுக் காய்ச்சலைப் பரப்பி விட்டிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். கொலைக்கதைக் காய்ச்சல். அதுவும் நேத்து நடந்த கொலை இல்ல. நூறு வருசத்துக்கு முந்துன வியன்னாக் கொலை, நியூயார்க் கொலை. ஒவ்வொண்ணுலயும் ஒரு மனசு டாக்டர். பொணத்தைப் போலீஸ்காரன் பாப்பான். டாக்டரு பொணத்தைப் பாத்தவளோட கனவைக் கேட்டே கொலைகாரனைப் புடிச்சிருவாரு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் பிரதி ஒண்ணே ஒண்ணு. பழுப்புத்தாள் அட்டை போட்டு, கொட்டகலையில ஒருத்தி முடிச்சதும் டிக்கோயாவுக்குப் போகுது, அங்கருந்து பொகவந்தலாவ பஸ் கண்டக்டர் கையில ஏறுது. அந்தத் தம்பி போற வழியில பிரிச்சுப் படிச்சுட்டு, நாப்பதாம் பக்க ஓரத்துல பென்சிலால அம்புக்குறி போட்டு "இவன்தான்"னு எழுதி வச்சிருக்கான். அம்பு தப்பான ஆளைக் குத்துது, அது வேற கதை.

கண்டக்டரைத் திட்டாத. 1909-ல வியன்னா மனசு டாக்டர் ஃப்ராய்ட் ஐயா அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுனப்போ, அவரோட கேபின்ல வேலைசெஞ்ச பொடியன் ஒருத்தன் அவர் எழுதின புத்தகத்தையே வாசிச்சுக்கிட்டு இருந்தானாம். ஏர்னஸ்ட் ஜோன்ஸ் எழுதின ஃப்ராய்ட் வரலாற்றுல இருக்கு. டாக்டர்மாரு பாதிப்பேர் அந்த மனுசனைப் பைத்தியம்னு சொல்லிக்கிட்டிருந்த காலம். பாய் விரிச்சுக் குடுக்குறவன் படிச்சிருக்கான் பாரு. புத்தகம் எவன் கைக்குப் போகணும்னு அதுக்கே தெரியும்.

ஆனா ஒண்ணு. படிச்சோமா, அடுத்தவகிட்ட குடுத்தோமான்னு இருக்கணும். வீட்டுக்குள்ள வந்து வைத்தியம் பாக்கக்கூடாது. ஒங்கம்மா போன மாசம் சம்பளத் துண்டைச் சீனி டின்னுக்குள்ள வச்சிட்டுத் தேடுனா. ஒடனே நீ, "மறதின்னு ஒண்ணு கெடையாதும்மா, ஆழ்மனசுல ஒனக்கு அந்தத் துண்டு மேல வெறுப்பு"ன்னு ஆரம்பிச்சிட்ட. ஃப்ராய்ட் 1901-ல இதைத்தான் எழுதுனாருன்னு சொன்ன. மறதி, வாய் தவறுறது, சாமானைக் கை தவற விடுறது எல்லாத்துக்கும் உள்ளுக்குள்ள ஒரு காரணம் ஒளிஞ்சு கெடக்குன்னு. நல்ல கண்டுபிடிப்பு. ஒங்கம்மா என்னா சொன்னா? "ஆழ்மனசும் இல்ல, மேல்மனசும் இல்ல. ஒங்கப்பன் தவறணைக்குத் தூக்கிட்டுப் போயிருவான்னு ஒளிச்சு வச்சேன், ஒளிச்ச எடம் மறந்துபோச்சு." காரணம் ஒளிஞ்சுதான் கெடந்துச்சு, புள்ள. ஆனா அவ மனசுக்குள்ள இல்ல, ஒங்கப்பன் சட்டைப் பையில.

சரி, கதைக்கு வாரேன். நீ இங்கிலீஷ்ல வாசிச்சு வாசிச்சுத் தமிழ்ல சொல்ல, நான் இஸ்தோப்புல வெத்தலை மென்னுக்கிட்டுக் கேட்டேன். கவ்வாத்துக் கத்தி புடிச்ச கிழவனுக்கு என்னா வெளங்கப்போகுதுன்னு நெனைச்சுத்தான் சொல்லியிருப்ப. வெளங்கினதைச் சொல்றேன், கேட்டுக்க.

முதல்ல ஃப்ராங்க் டாலிஸ் எழுதின வியன்னாக் கதைங்க. 1902-ல ஆரம்பிக்குது. மாக்ஸ் லீபர்மான்னு இளவட்ட டாக்டர், ஃப்ராய்டு கிட்டப் போய் வாரவன். ரைன்ஹார்ட்னு போலீஸ் இன்ஸ்பெக்டர். சாயந்திரம் ஆனா இவன் பியானோ வாசிப்பான், அவரு பாடுவாரு. அப்புறம் காப்பிக்கடையில குந்திக் கேக்கைத் தின்னுக்கிட்டே கொலையைப் பத்திப் பேசுவாங்க. நல்லாத்தான் இருக்கு. எனக்கு அந்தக் காப்பி மேலதான் கண்ணு. நம்ம மலையெல்லாம் ஒரு காலத்துல காப்பிதானே. 1869-ல இலையில பூஞ்சை விழுந்து மொத்தமும் படுத்துருச்சு, அப்புறந்தான் தேயிலை. அந்த நோய் வராம இருந்திருந்தா இன்னிக்கு வியன்னாக் காப்பிக்கடைக்கு நாம கொட்டை பறிச்சுக்கிட்டு இருந்திருப்போம். அவன் குடிக்கிறது மாறியிருக்கும், நாம குனியிறது மாறியிருக்காது.

அடுத்தது ஜெட் ரூபன்ஃபெல்ட் எழுதினது, 2006-ல வந்தது. ஃப்ராய்ட் நெசமாவே ஒரே ஒரு தடவைதான் அமெரிக்கா போனாரு, அந்த 1909 பயணம். மசாசுசெட்ஸ்ல கிளார்க் பல்கலைக்கழகத்துல அஞ்சு சொற்பொழிவு. அந்த நெசத்தை வச்சுக்கிட்டு நியூயார்க்ல ஒரு கொலையைப் பின்னியிருக்கான் கதைக்காரன். தாக்கப்பட்ட ஒரு பொண்ணுக்குப் பேச்சும் நின்னுபோச்சு, நடந்ததும் மறந்துபோச்சு. அவ வாயைத் தெறக்க வைக்கணும். ஃப்ராய்ட் பின்னால இருந்து யோசனை சொல்றாரு.

இதுல கதையை விட ருசியானது கப்பல்ல நடந்தது. ஜார்ஜ் வாஷிங்டன்னு கப்பல். ஃப்ராய்ட், கூடப் போன மனசு டாக்டர்மாரு யுங், ஃபெரென்சி மூணு பேரும் பொழுது போகாம ஒருத்தர் கனவை ஒருத்தர் ஆராய்ஞ்சாங்களாம். ஃப்ராய்டு கனவு ஒண்ணு வந்தப்போ, யுங் "இன்னும் கொஞ்சம் வெவரம் சொல்லுங்க, அப்பத்தான் வெளங்கும்"னு கேட்டிருக்காரு. அவரு சொல்ல மாட்டேன்னுட்டாராம். சொன்னா தன் மதிப்பு போயிரும்னு. யுங் பிற்காலத்துல எழுதி வச்சது இது. அன்னிக்கே அவரு மதிப்பு போச்சுன்னும் எழுதியிருக்காரு.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு. எங்க காலத்துத் துரை அச்சு அசல் இப்படித்தானே. பிரட்டுக்களத்துல நிண்டு, எவன் வீட்டுல என்னா சண்டை, எவ ஏன் ரெண்டு நாளா வேலைக்கு வரல, எவன் தவறணையில எவ்வளவு கடன் அம்புட்டும் கேப்பாரு. பங்களாவுல நேத்து ராத்திரி ஏன் விடிய விடிய விளக்கு எரிஞ்சுதுன்னு யாராவது கேட்டுப் பாரு.

அதனால ஒனக்கு நான் சொல்ற புத்தி இது: இந்தக் கதைங்களைப் படிக்கையில சோபாவைப் பாக்காத, நாற்காலியைப் பாரு. சோபாவுல படுத்திருக்கிறவளைத்தான் கதைக்காரன் காட்டுவான். கம்பளம் விரிச்ச சோபா, அழுற பொண்ணு, கலைஞ்ச கூந்தல். டாக்டரு குந்துற நாற்காலி தலைமாட்டுக்குப் பின்னால இருக்கும். படுத்திருக்கிறவ கண்ணுக்கு அது தெரியாது. தெரியாத எடத்துல குந்தியிருக்கிறவன்தான் அவ சொன்னதுக்கு என்னா அர்த்தம்னு முடிவு பண்றவன். துப்பறியும் கதையில யாரைச் சந்தேகப்படணும்னு ஒரு முறை இருக்குல்ல? கண்ணுக்குத் தெரியாத எடத்துல வசதியா குந்தியிருக்கிறவனைத்தான் முதல்ல.

பேச்சு நின்னுபோன அந்தப் பொண்ணை ரூபன்ஃபெல்ட் சும்மா கற்பனையில புடிக்கல. டோரான்னு ஃப்ராய்ட் பேர் மாத்தி எழுதின பொண்ணு ஒருத்தி இருக்கா, அவ சாயல்தான். அவளுக்குப் பதினெட்டு வயசு. 1900 அக்டோபர்ல அப்பன்காரன் கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போறான். அவ சொன்னது இதுதான்: அப்பாவோட சிநேகிதர் ஒருத்தர் ஏரிக்கரையில எங்கிட்ட முறைகேடா நடந்துக்கிட்டாரு, நான் கன்னத்துல அறைஞ்சேன். அந்த ஆளு இல்லவே இல்லன்னு சாதிச்சுட்டான். அப்பனும் அவன் பக்கம். ஏன்னு கேக்குறியா? அந்தச் சிநேகிதன் சம்சாரத்தோட அப்பனுக்குத் தொடுப்பு. துப்பறியுறதுக்கு இதுல என்னா இருக்கு? நம்ம லயத்துல பீலிக்கரையில தண்ணி புடிக்கிற பொம்பளைங்க அரை மணியில முடிச்சிருவாங்க.

ஃப்ராய்ட் பாவம், அவ சொன்னதை நம்புனாரு. நம்பிட்டு, "ஆனா ஒன் மனசுக்கடியில அந்த ஆளு மேல ஒனக்கு ஆசை"ன்னு நின்னாரு. அவ இருமுனா அதுக்கு ஒரு அர்த்தம், கைப்பையைத் தெறந்து மூடுனா அதுக்கு ஒரு அர்த்தம். இல்லன்னு சொன்னா, "பாத்தியா, இல்லங்கிறதுதான் ஆமாங்கிறது". இந்த நியாயத்தை நானும் பாத்திருக்கேன், புள்ள. தோட்டத்துல ஒருத்தி கங்காணியைப் பத்தி முறையிட்டா, "நீ எதுக்கு அந்த மட்டத்துக்குத் தனியா போன?"ன்னுதான் முதல் கேள்வி வரும். அதுக்குப் படிச்ச டாக்டர் வேணும்னு இல்ல.

டோரா பதினோரு வாரம் பொறுத்துப் பாத்தா. 1900 டிசம்பர் 31, இன்னிக்கோட சரின்னு எழும்பிப் போயிட்டா. வேலைக்காரி நோட்டீஸ் குடுக்குற மாதிரியில்ல போறான்னு அவருக்கு மனசுல பட்டிருக்கு, அதையும் எழுதியிருக்காரு. அதுக்கப்புறம் அவ என்னா செஞ்சா தெரியுமா? 1901-ல நேரா அந்த வீட்டுக்கே போயி, அந்த ஆளு வாயாலயே "ஆமா, நடந்தது நெசந்தான்"னு சொல்ல வச்சிட்டா. அவன் சம்சாரத்துக்கிட்டயும் ஒன் கதை எனக்குத் தெரியும்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டா. வியன்னாவுல அந்த வருசத்துச் சிறந்த துப்பறியுற ஆளு யாருன்னு எங்கிட்ட கேட்டா அந்தப் பதினெட்டு வயசுப் புள்ளையைத்தான் காட்டுவேன். அவளுக்குச் சோபாவும் வேண்டியிருக்கல, நாற்காலியும் வேண்டியிருக்கல. செருப்பு இருந்தா போதும், நடந்து போக.

இப்ப ஒனக்கு ஒரு ரகசியம். நீங்க என்னமோ துப்பறியும் கதையை இந்த மலைக்குப் புதுசா கொண்டாந்த மாதிரி ஆடுறீங்க. 1924-லயே இங்க ஒருத்தர் எழுதிட்டாரு. யாரு? நம்ம நடேசய்யர். தஞ்சாவூர்ல இருந்து வந்து, தோட்டத் தொழிலாளிக்கு முதல்ல சங்கம் கட்டுன கோ. நடேசய்யரேதான். புத்தகத்துப் பேர் "மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்". ஹட்டன்ல அவரு பேரைச் சொல்லிக் கூட்டம் போடுறவங்க எத்தனையோ பேர். அவரு கொலைக்கதை எழுதுனவர்னு ஒருத்தரும் மேடையில சொல்றதில்ல. கௌரவக் குறைச்சல்னு நெனைப்பு போல.

அந்தப் பேருக்கு ஒரு மூலம் இருக்கு. லண்டன்ல ஆர்சின்னு ஒரு சீமாட்டியம்மா 1901-லருந்து எழுதிக்கிட்டு வந்த கதைகள்ல, மூலையில குந்துன கிழவன் ஒருத்தன் வாரான். எங்க குந்தியிருப்பான்? டீக்கடை மூலையில. கையில ஒரு நூல்கயிறு. முடிச்சுப் போடுவான், அவுப்பான், மறுபடி முடிச்சுப் போடுவான். முன்னால ஒரு பத்திரிகைக்காரப் பொண்ணு. போலீஸ் கைவிட்ட கொலையெல்லாம் எடுத்து, எடத்தை விட்டு நகராமலே யார் செஞ்சதுன்னு அவளுக்குச் சொல்லுவான். லண்டன் டீக்கடைன்னா அந்தக் காலத்துல எந்த ஊர்த் தூள் கொதிச்சிருக்கும்னு யோசிச்சுப் பாரு. நம்ம பாட்டிமாரு கிள்ளுன கொழுந்துச் சாயத்தைக் குடிச்சுட்டுத்தான் அவன் அம்புட்டு மூளை வெளையாட்டும் காட்டியிருக்கான். அந்தக் கதைங்களோட கடைசியில என்னா ஆகுதுன்னு ஒனக்குச் சொல்ல மாட்டேன். நாற்காலியைப் பாருன்னு ஏற்கெனவே சொல்லிட்டேன், அதுக்கு மேல கேக்காத.

ஃப்ராய்ட் மறதியைப் பத்தி எழுதுனதும் அதே 1901. நாற்காலியில குந்துன ரெண்டு பேரு, ஒருத்தன் வியன்னாவுல, ஒருத்தன் லண்டன் டீக்கடைக் கதையில. அடுத்தவன் பேச்சைக் கேட்டே அவன் மறைச்சதை உருவுற வேலை.

நடேசய்யர் மட்டும் குந்தியிருக்கல. அந்தக் காலத்துல தோட்டத்துக்குள்ள வெளியாள் கால் வைக்க ஏலாது. துரை நெனைச்சா அத்துமீறி நொழைஞ்சான்னு கேஸ் போடலாம். இவரு புடவை யாவாரி வேசம் போட்டு, மூட்டையைத் தோள்ல வச்சுக்கிட்டு லயம் லயமா ஏறுனாரு. பொம்பளைங்க சேலையைப் பெரட்டிப் பாத்துக்கிட்டே சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, யார் அடிச்சான்னு சொல்லச் சொல்ல, இவரு காதுல வாங்கிக்கிட்டாரு. அப்புறம் எழுதுனாரு. போலீஸ்காரன் இவரு பின்னாலயே வேவு பாத்துக்கிட்டுத் திரிஞ்சான். துப்பறியுறவனையே துப்பறியுற கதை, ஒங்க டாலிஸ்கூட இதை எழுதல. அய்யரு 1936-ல ஹட்டன் தொகுதியில செயிச்சு அரசாங்க சபைக்குப் போனாரு. சேலை வித்த மலையிலயே ஓட்டும் கேட்டாரு.

1924-ன்னு சொன்னேனே, அதே வருசம் லண்டன்ல இன்னொண்ணு நடந்துச்சு. ஹோகார்த் பிரஸ்னு ஒரு சின்ன அச்சகம் ஃப்ராய்டு எழுத்தை இங்கிலீஷ்ல அச்சடிக்க ஆரம்பிச்சது. அந்த அச்சகத்துக்காரரு யாரு? லெனார்ட் வுல்ஃப். 1904-ல இலங்கைக்கு சிவில் உத்தியோகம் பாக்க வந்து, யாழ்ப்பாணம் போயி, 1907-ல கண்டிக் கச்சேரிக்கு மாத்தலாகி வந்தவரு. நம்ம கண்டிதான். போகம்பறைச் சிறையில தூக்குப் போடுறப்போ பக்கத்துல நிண்டு பாக்குறது அவரு உத்தியோகத்துல சேர்த்தி. அது மனசை விட்டுப் போகல அவருக்கு, பிற்காலத்துல எழுதியிருக்காரு. 1911-ல ஊர் திரும்பி, உத்தியோகத்தை உதறிட்டு, 1913-ல நம்ம நாட்டுக் காட்டுக் கிராமத்தைப் பத்தி ஒரு நாவல் போட்டாரு. அதுலயும் கொலை உண்டு, கோடு உண்டு. ஒரு வேட்டைக்காரன் ரெண்டு பேரைக் கொல்றான். ஏன் கொன்னான்னு வாசிக்கிறவனுக்கு வெளங்கும், கோட்டுக்கு வெளங்காது. அந்த நாவலுக்கு அடுத்த வருசமே ஃப்ராய்டு புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுனாரு, அங்க பலபேரு பேரைக்கூடக் கேள்விப்படாத காலத்துல.

அந்த மனுசனுக்கு ஃப்ராய்டு மேல எதுக்கு அப்படி ஒரு புடிப்பு? நான் சொல்றேன், நம்புனா நம்பு. கண்டியில அவரு குந்தியிருந்ததும் ஒரு நாற்காலியிலதான். முன்னால கைகட்டி நிக்கிறவன் தமிழ்ல சொல்லுவான், சிங்களத்துல சொல்லுவான். முதலியாரு மாத்திச் சொல்லுவாரு. இவரு தீர்ப்பு எழுதுவாரு. நெசம் எங்கயோ நடுவுல விழுந்துருச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். 1939 ஜனவரியில, வியன்னாவை விட்டுத் தப்பி வந்து லண்டன்ல கெடந்த ஃப்ராய்டை வுல்ஃபும் அவரு சம்சாரம் வர்ஜினியாவும் போய்ப் பாத்தாங்க. கெழவரு அந்தம்மாவுக்கு ஒரு நார்சிசஸ் பூவைக் குடுத்தாராம். தன்னையே பாத்து மயங்குறவங்க நோய்க்கு அவங்க சாஸ்திரத்துல அந்தப் பேருதான். வாயால சொன்னா சண்டை வரும்னு பூவால சொன்னாரோ என்னமோ. பதினஞ்சு வருசமா அச்சடிச்ச வீட்டுக்காரம்மா, அவரு செத்த பிறகு அந்த வருசக் கடைசியிலதான் அவரை உக்காந்து படிக்கவே ஆரம்பிச்சது.

இனி நம்ம லயத்துக்கு வா. வியன்னாக் கதையெல்லாம் எதுல நிக்குது? மூடுன கதவுல. டாக்டரு அறை, திரைச்சீலை, வெளிய காத்திருக்கிற ஆளுக்கு உள்ள பேசுறது கேக்காது. நமக்குப் பத்துக்குப் பன்னெண்டு காம்பரா. அதுக்குள்ளயே அடுப்பு, அதுக்குள்ளயே படுக்கை, ஈரக் கம்பளிச் சாக்குக் காயுறதும் அங்கனயே. ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருக்கிற சுவரு கூரையைத் தொடாது. தகரத்துக்கும் சுவருக்கும் இடையில ஒரு முழம் சந்து. அந்தச் சந்து வழியா கருவாட்டு வாசமும் வரும், தூக்கத்துல உளறுறதும் வரும். ராத்திரி நாலாம் காம்பராவுல ஒருத்தன் கனவு கண்டு கத்துனா, காலையில பிரட்டுக்குப் போறதுக்குள்ள ஒண்ணாங் காம்பராக்காரி அதுக்குப் பலன் சொல்லி முடிச்சிருப்பா. ஆழ்மனசுன்னு தனியா ஒண்ணை ஒளிச்சு வச்சுக்க எடம் ஏது?

எடம் இல்லாட்டியும் ஆளுக ஒளிச்சுத்தான் வச்சிருந்தாங்க. அதை எறக்கி வைக்க ஒரு வழியும் வச்சிருந்தாங்க. மருந்துக்காரையா இல்ல, அவரு எல்லாத்துக்கும் ஒரே சிவப்புத் தண்ணியைத்தான் ஊத்துவாரு. கோடாங்கிதான். ஒரு பொண்ணு சோறு எறங்காம, பேச்சில்லாம, வெறிச்சுப் பாத்துக்கிட்டுக் கெடந்தா, வெள்ளிக்கெழமை ராத்திரி உடுக்கையைத் தூக்கிட்டு வந்துருவாரு. வாசல்ல சனம் பூரா கூடியிருக்கும். விபூதி, எலுமிச்சங்காய், சாம்பிராணிப் புகை. உடுக்கை அடிச்சு அடிச்சு, "நீ யாரு? எந்த மட்டத்துல புடிச்ச?"ன்னு கேப்பாரு. அவளுக்கு ஆட்டம் வந்து, கூந்தல் அவுந்து, வாய் தெறக்கும். அந்த வாயில வாரது பாக்கணும்! மாமியா பண்ணுன கொடுமை, புருசன் அடிச்ச அடி, கொழுந்து நிறுக்குற எடத்துல கங்காணி கையைப் புடிச்சது, எல்லாம் பேர் சொல்லி, ஊர் மத்தியில. அதே கங்காணி அங்கனயே கூட்டத்துல நிப்பான். மறுநாள் அவளுக்கு அரைப் பேர் போட்டுப் பழிவாங்க ஏலுமா? பேசுனது அவ இல்லையே, முனி இல்ல பேசுச்சு!

இதை ஒசத்தின்னு நான் சொல்ல வரல. சவுக்கால அடிச்ச கோடாங்கியையும் பாத்திருக்கேன், காசைப் புடுங்குனவனையும் பாத்திருக்கேன், வலிப்பு நோய்க்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாம விட்டுச் செத்ததும் உண்டு. ஆனா நாற்காலி விசயத்துல ஒண்ணு கவனி. கோடாங்கி தலைமாட்டுக்குப் பின்னால ஒளியமாட்டாரு. முகத்துக்கு முகம் குந்துவாரு. அவருக்கும் வேர்க்கும், அவருக்கும் சாமி வரும், அவரு உளறுறதையும் ஊர் கேக்கும்.

இன்னொண்ணும் இருக்கு. மாசி மாசம் காமன் கூத்து ஆடுறோமே, அது யாரு கதை? ஆசைக்குன்னு ஒரு தேவன். அவன் சிவன் தவத்தைக் கலைக்கிறான், நெத்திக்கண்ணால எரிஞ்சு போறான், ரதி மண்ணுல பொரண்டு ஒப்பாரி வைக்கிறா, லயமே அழுது. ரெண்டு நாள் கழிச்சு அவனை எழுப்புறோம். தப்பு அடிக்கிறவனும், ரதி வேசம் கட்டுன ஆம்பளையும், பாக்குற பொடிசும் எல்லாருக்கும் தெரியும், ஆசையை எரிக்கலாம், ஆனா அது போகாது. தஞ்சாவூர்ப் பக்கம் லாவணிக்காரங்க எரிஞ்ச கட்சி, எரியாத கட்சின்னு ரெண்டாப் பிரிஞ்சு விடிய விடிய வாதாடுவாங்க. தேயிலையும் அந்த ஆசை மாதிரித்தானே. சும்மா விட்டா முப்பது அடி மரமா போறதை, இடுப்பளவுக்குக் கவ்வாத்து வெட்டி வெட்டி வச்சிருக்கோம். வெட்டுன எடத்துலதான் கொழுந்து கெளம்புது. இதை நான் சொன்னா கிழவன் பேத்தல். வியன்னாவுல சொன்னா சாஸ்திரம்.

வியன்னாவை விட்டா ஆளில்லன்னும் நெனைக்காத. கல்கத்தாவுல கிரீந்திரசேகர் போஸ்னு ஒரு டாக்டர். 1922-லயே மனப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கிட்டாரு, தன் சொந்த வீட்டுல. ஃப்ராய்டோட வருசக்கணக்கா கடுதாசிப் போக்குவரத்து. நேருல ஒருநாளும் பாத்ததில்ல. படத்தைக்கூடப் பாக்காத காலத்துல, ஃப்ராய்ட் இப்படித்தான் இருப்பாருன்னு ஒரு ஓவியரை வச்சுக் கற்பனையா வரைஞ்சு அவருக்கே அனுப்பி வச்சாரு! அவரு ரசிச்சுப் பதிலும் போட்டாரு. 1931-ல எழுபத்தஞ்சாவது பொறந்தநாளுக்குத் தந்தத்துல செஞ்ச விஷ்ணு சிலை ஒண்ணு வியன்னா போச்சு. இவரு வெறும் சிஷ்யன் இல்ல. எங்க ஊர் ஆளுகளுக்கு ஒங்க சட்டம் அப்படியே பொருந்தலன்னு மொகத்துக்கு நேரா எழுதுனவரு. 1933-ல கல்கத்தா ஆஸ்பத்திரியில மனநோய்க்குன்னு வெளிநோயாளர் பிரிவு வந்ததும் இவராலதான். சின்ன வயசுல மாயவித்தை, வசியம்னு அலைஞ்சவராம். துப்பறியும் கதைக்கு இதைவிட நாயகன் வேணுமா? ஒருத்தரும் எழுத மாட்டேங்குறான். வியன்னாவுல பனி பெய்யுறதுதான் எல்லாருக்கும் புடிக்குது. நுவரெலியாவுலயும் தை மாசத்துல புல்லு வெள்ளையா ஒறையத்தான் செய்யுது.

நீ எழுதேன். ஆமா, ஒன்னைத்தான் சொல்றேன். கொலைக்கு எங்க போறதுன்னு கேக்காத. புசல்லாவைக்குப் போ. 1941 மே மாசம், ஸ்டெலன்பர்க் தோட்டத்துப் பெரிய துரை போப் கொல்லப்பட்டாரு. வீராசாமி, வேலாயுதன்னு ரெண்டு தொழிலாளிங்களை மறு வருசம் தூக்குல போட்டாங்க. யார் அடிச்சது, எதால அடிச்சதுன்னு கோட்டுல கேட்டிருப்பாங்க. அந்த ஆளுக ராத்திரி தூங்குனாங்களா, என்னா கனவு கண்டாங்கன்னு எவன் கேட்டான்? போப் கொலைக்கு முந்துன வருசம் ஜனவரியில முல்லோயாவுல வேலைநிறுத்தம் நடக்கையில கோவிந்தன்னு ஒரு தொழிலாளி போலீஸ் குண்டுபட்டுச் செத்தான். அதுக்கு விசாரணைக் கமிசன் வச்சாங்க. அந்தக் குண்டு புசல்லாவையில எத்தனை பேர் தூக்கத்துக்குள்ள போய் விழுந்துச்சுன்னு எந்தக் கமிசன் எழுதும்? இது நாவல்காரி வேலை.

ஆனா எழுதுறப்போ லீபர்மான் மாதிரி ஒரு டாக்டரைக் கோட்டு சூட்டோட கொண்டாந்து எறக்கிராத. சனம் சிரிக்கும். வாய்தா போட்டுக் கனவு கேக்குற கதையும் வேணாம். பீலிக்கரையில நிக்கிற ஒரு பொம்பளை போதும், அவளுக்கு ஒரு ஊர்க்கதையும் தப்பாது. வீராசாமி கனவை மட்டும் கேட்டா இன்னொரு வியன்னாக் கதை ஆயிரும். துரை கனவையும் கேக்கணும். பொட்டக்காட்டுக்கு நடுவுல தனியா ஒரு பங்களா, சுத்தி ஆயிரம் பேர், ஒருத்தன்கூடச் சிரிச்சுப் பேச மாட்டான். அந்த ஆளுக்கு என்னா கனவு வரும்?

துரை செத்து எண்பது வருசம் தாண்டிப்போச்சு, அவரு கனவுக்கு எங்க போறதுன்னுதானே கேக்கப்போற? பங்களாவுல ஆக்கிப்போட்ட அப்பு, ஆயா, தோட்டக்காரன் இவங்க வம்சம் எங்க இருக்குன்னு தேடு. எத்தனை மணிக்கு எழும்பினாரு, எந்த நாள் சாப்பாட்டைத் தொடாம அனுப்புனாரு, ராத்திரி எத்தனை வாட்டி எழும்பி விளக்கைப் போட்டுக் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபாத்தாருன்னு பேரப்புள்ளைங்க வரைக்கும் சொல்லி வச்சிருப்பாங்க. நான் ஒனக்குச் சொல்றேன்ல, அந்த மாதிரி.